கரண்டு வைப்பதற்கு முன் நடக்கும் சோதனைகள்: துல்லியக் கதிர்வீச்சுச் சிகிச்சையின் தரக்கட்டுப்பாடு குறித்து வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்காகிவிட்டது. ஆனாலும் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்தும் மக்கள் வேலூரை நோக்கித்தான் பேருந்து ஏறுகிறார்கள். மருத்துவ இயற்பியலாளராக, அதாவது கதிர்வீச்சு இயந்திரத்தின் அளவையும் குறியையும் சோதித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவனாக, பல ஆண்டுகள் இங்கே காத்திருப்போர் அறைக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்தபோது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சிகிச்சை சொன்னபடி நடக்கிறதா என்பதை எப்படி உறுதிசெய்கிறார்கள் என்பதுதான் இந்தப் பக்கத்தின் பொருள்.

"கரண்டு வைப்பது" என்கிறார்களே, உடம்பில் மின்சாரமா பாய்ச்சுகிறார்கள்?

இல்லை. லினாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேரியல் முடுக்கி, எலக்ட்ரான்களை மிகுந்த வேகத்துக்கு முடுக்கி ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு, அதிலிருந்து பிறக்கும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிரை நோயுள்ள இடத்தில் செலுத்துகிறது. அது உடம்பில் படும்போது எந்த உணர்வும் இருக்காது. இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும் என்பதால், வீட்டுக்குப் போய்ப் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் வராது.

துல்லியச் சிகிச்சை என்பது நல்லதுதானே. அதற்கு ஏன் கூடுதல் தரக்கட்டுப்பாடு?

முன்பெல்லாம் கட்டியைச் சுற்றி அகலமான ஒரு சதுரத்தை வைத்துக் கதிரைச் செலுத்துவார்கள். நோயாளி அரை சென்டிமீட்டர் நகர்ந்து படுத்தாலும் கட்டி அந்தச் சதுரத்துக்குள்ளேயே இருக்கும். அதற்கு விலையாக, அருகிலுள்ள நல்ல உறுப்புகளும் முழு அளவை வாங்கிக்கொள்ளும். இன்று ஐஎம்ஆர்டி, விமேட் போன்ற முறைகளில், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள உலோக இதழ்கள் கதிர் பாயும்போதே நகர்ந்து, கதிரைக் கட்டியின் வடிவத்துக்கே வெட்டிக் கொடுக்கின்றன. தொண்டைப் புற்றுநோய்க்கு 35 தவணைகளில் 70 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு) கொடுப்பது வழக்கமான ஓர் அளவு. சற்றே பின்னால் இருக்கும் தண்டுவடத்துக்கோ ஏறத்தாழ 45 முதல் 50 கிரே வரைதான் பாதுகாப்பான எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் விரலளவு இடைவெளிதான் இருக்கிறது என்றால், பழைய முறையில் பொருட்படுத்தாமல் விட்ட 5 மில்லிமீட்டர் பிசகு, இங்கே ஒரு பக்கம் கட்டியின் ஓரத்தைப் பட்டினி போட்டுவிடும். மறுபக்கம் நரம்பைச் சுட்டுவிடும். கதிரளவைப் பொறுத்தவரை, திட்டமிட்ட அளவுக்கும் கட்டிக்குக் கிடைக்கும் அளவுக்கும் இடையே 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்று கதிரியல் அலகுகளுக்கான சர்வதேச ஆணையம் 1976-இலேயே பரிந்துரைத்தது. அந்த 5 சதவீதத்துக்குள் இயந்திரம், கணக்கு, படுக்கும் நிலை ஆகிய அனைத்தின் பிசகும் சேர்ந்து அடங்கியாக வேண்டும்.

காலையிலேயே வந்து உட்கார்ந்தாலும் முதல் நோயாளியைக் கூப்பிட நேரமாகிறதே, அதுவரை உள்ளே என்ன செய்கிறார்கள்?

இயந்திரத்தைச் சூடேற்றி, அதனிடம் அன்றைய பரீட்சையை நடத்துகிறார்கள். நோயாளி படுக்கும் மேசையில், குறுக்குக் கோடுகள் செதுக்கிய பிளாஸ்டிக் கட்டை ஒன்று முதலில் வைக்கப்படும். சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் லேசர் கோடுகள் அந்தச் செதுக்கல்களின் மீது சரியாகப் பொருந்துகின்றனவா என்று கண்ணை அருகில் வைத்துப் பார்ப்பார்கள். ஐஎம்ஆர்டி செய்யும் இயந்திரத்தில் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகக்கூடாது. மூளைக்குள் மிகச் சிறிய கட்டிக்கு ஒரே தவணையில் பெரிய அளவு கொடுக்கும் இயந்திரமானால் 1 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. அடுத்து, இயந்திரம் வெளியிடும் கதிரின் அளவு நேற்றைக்கும் இன்றைக்கும் 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று அளப்பார்கள். கதவைத் திறந்ததும் கதிர் தானாக நிற்கிறதா, உள்ளே இருப்பவரின் குரல் வெளியே கேட்கிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா, கதிர் பாயும்போது எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, படமெடுக்கும் கருவியின் மையமும் கதிரின் மையமும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதெல்லாம் அதே வரிசையில் பார்க்கப்படும். இந்த வரம்புகள் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ளவை. உலகின் பல மருத்துவமனைகள் இவற்றையே பின்பற்றுகின்றன. மாதச் சோதனையில் கதிரளவுக்கான வரம்பு 2 சதவீதமாகவும், ஆண்டுச் சோதனையில் 1 சதவீதமாகவும் இறுகும்.

ஏதேனும் ஒன்று பொருந்தவில்லை என்றால் அன்று உங்கள் முறை தள்ளிப்போகும். முதல் பேருந்தைப் பிடித்து வந்தவர்களிடம் அதைச் சொல்வது எனக்கு எப்போதும் கடினமாகவே இருந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் காத்திருப்பைக் குறைப்பதற்காகச் சோதனையைத் தாண்டிப் போவதற்கு ஒருநாளும் சம்மதிக்க முடியாது.

வேலூர் வெயிலுக்கும் இயந்திரத்தின் அளவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வேடிக்கையாகக் கேட்பதுபோல் பலர் கேட்கும் இந்தக் கேள்விக்குள் எங்கள் தொழிலின் சாரமே இருக்கிறது.

கதிரின் அளவை அடிப்படையாக அளக்கும் கருவி, பென்சில் கனமே உள்ள அயனி சேம்பர். அதன் நுனியில் ஏறத்தாழ 0.6 கன சென்டிமீட்டர் காற்று இருக்கும். ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியைப் போன்ற பெட்டியில் தண்ணீர் நிரப்பி, அறையின் வெப்பநிலைக்கே தண்ணீரும் வரும்வரை காத்திருந்து, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அந்தச் சேம்பரை நிறுத்தி, 10-க்கு 10 சென்டிமீட்டர் சதுரக் கதிரை அதன்மேல் செலுத்துவோம். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீரைப்போலவே கதிரை உள்வாங்கும் என்பதால்தான் தண்ணீரில் அளக்கிறோம். கதிர் அந்தத் துளிக் காற்றை அயனியாக்க, அதில் சேரும் மின்னூட்டத்தை எண்ணிக் கதிரளவைக் கணக்கிடுகிறோம்.

சேம்பர் திறந்த அமைப்புடையது. உள்ளே இருக்கும் காற்று அறைக் காற்றேதான். அறை சூடானால் காற்று விரிந்து, அந்தச் சிறு இடத்தில் இருக்கும் காற்றின் எடை குறைந்துவிடும். கருவியும் குறைவாகக் காட்டும். ஒவ்வொரு 3 டிகிரிக்கும் ஏறத்தாழ 1 சதவீதம் வேறுபாடு வரும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி மக்கர் செய்து அறை 24 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறிவிட்டால், திருத்தம் செய்யாத அளவில் 2 சதவீதப் பிழை புகுந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்து, 20 டிகிரி வெப்பநிலைக்கும் 101.3 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கும் உரியதாக அளவைத் திருத்தி எழுதுகிறோம்.

இதில் வேலூருக்கென்று ஒரு பொறி உண்டு. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த உயரத்தினால் மட்டுமே இங்குள்ள காற்றழுத்தம் சென்னைக் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் குறைவு. ஆனால் கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் அது காட்டும் அழுத்தம் பொதுவாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டதாகவே இருக்கும். காற்றழுத்தமானி பழுதாகிவிட்ட ஒரு நாளில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்த எண்ணை எடுத்துக் கணக்கில் போட்டுவிட்டால், இயந்திரம் 2.5 சதவீதம் குறைவாகக் கொடுப்பதுபோலத் தாளில் தெரியும். அதை நம்பி இயந்திரத்தின் அளவை ஏற்றிவைத்தால், மறுநாளிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் அத்தனை சதவீதம் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். யாருக்கும் எதுவும் தெரியாது, எந்த மணியும் அடிக்காது. இதனால்தான் அளவை மாற்றிவைப்பதற்கு முன் இன்னொரு இயற்பியலாளர், முடிந்தால் இன்னொரு கருவியைக் கொண்டு, தானே முதலிலிருந்து அளந்து பார்க்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

சோதிப்பவர்களை யார் சோதிக்கிறார்கள்?

இந்தியாவில் கதிர்வீச்சு இயந்திரங்களுக்கு உரிமம் தருவதும் அவற்றை ஆய்வுசெய்வதும் 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பொறுப்பு. வாரியத்தின் ஒப்புதல் பெற்ற கதிரியல் பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் ஒரு மருத்துவமனை இந்தச் சிகிச்சையை நடத்த முடியாது. மேலே சொன்ன அயனி சேம்பரையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை தரப்படுத்தும் ஆய்வகத்துக்கு அனுப்பி, நாட்டின் மூல அளவோடு ஒப்பிட்டுச் சான்று பெற்றுவர வேண்டும். காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை போடுவதைப் போன்ற ஏற்பாடு இது.

இவற்றைத் தவிர, எனக்கு மிகவும் பிடித்த ஒரு முறையும் இருக்கிறது. கதிர்பட்டால் அதைத் தன்னுள் பதிந்துவைத்து, பிறகு சூடாக்கும்போது ஒளியாக வெளிவிடும் ஒருவகைப் பொடியைச் சிறு குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார்கள். நாங்கள் சொன்ன அளவு கதிரை அதற்குக் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். எவ்வளவு பட்டிருக்கிறது என்பதை அங்கே அளந்து, எங்கள் கணக்கோடு ஒப்பிடுவார்கள். சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1969 முதல் இத்தகைய தபால் தணிக்கையை நடத்திவருகின்றன. அண்மை ஆண்டுகளில் அவர்கள் பொடிக்குப் பதிலாகக் கண்ணாடி அளவிகளை அனுப்புகிறார்கள்.

பிளான் தயார் என்று சொன்ன பிறகும் சிகிச்சையைத் தொடங்க இரண்டு நாள் ஏன் ஆகிறது?

கணினியில் அழகாகத் தெரியும் பிளானை, அதாவது எங்கே எவ்வளவு கதிர் விழ வேண்டும் என்ற திட்டத்தை, இயந்திரத்தால் அப்படியே செய்து காட்ட முடிகிறதா என்று ஆள் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். நோயாளிக்குப் பதில் நூற்றுக்கணக்கான நுண் அளவிகள் பதித்த பலகை ஒன்று மேசையில் படுத்திருக்கும். கணினி சொன்ன அளவும் பலகையில் விழுந்த அளவும் புள்ளி புள்ளியாக ஒப்பிடப்படும். அளவில் 3 சதவீதம், இடத்தில் 2 மில்லிமீட்டர் என்ற வரம்புக்குள் 95 சதவீதப் புள்ளிகளாவது தேற வேண்டும். 90-க்குக் கீழே போனால் பிளானை நிறுத்தி ஆராய வேண்டும் என்பது 2018-இல் வந்த பரிந்துரை.

இந்தத் தேர்ச்சி எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது என் கருத்து. 97 சதவீதம் தேறியது என்று மகிழும்போது, தேறாத 3 சதவீதம் எங்கே விழுந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அவை அனைத்தும் தண்டுவடத்தின் ஓரமாகக் குவிந்திருந்தால் அந்தப் பிளான் மறுபடியும் மேசைக்கு வர வேண்டியதுதான். மருத்துவர் கட்டியின் எல்லையைத் தவறாக வரைந்திருந்தால், இயந்திரம் அந்தத் தவறையே மிகத் துல்லியமாகச் செய்து முடிக்கும். பலகையும் தேர்ச்சி கொடுத்துவிடும். வரைந்த எல்லையை இன்னொரு மருத்துவர் பார்த்துக் கேள்வி கேட்கும் கூட்டம் இதற்காகவே நடக்கிறது.

மிகச் சிறிய கட்டிகளுக்கு ஐந்தே தவணையில் முடிக்கிறார்களே, அங்கே என்ன சோதனை?

ஒரு தண்டின் நுனியில் கோலிக்குண்டைவிடச் சிறிய உலோக உருண்டையை ஒட்டி, இயந்திரத்தின் மையப் புள்ளியில் நிறுத்துவார்கள். இயந்திரத்தின் தலையையும் மேசையையும் பல கோணங்களுக்குத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுப்பார்கள். படத்தில் கதிர் வட்டத்தின் நடுவில் உருண்டையின் நிழல் விழ வேண்டும். எந்தக் கோணத்திலும் 1 மில்லிமீட்டருக்கு மேல் ஒதுங்கக்கூடாது. டன் கணக்கில் எடையுள்ள இயந்திரம் சுற்றும்போது தன் பாரத்தால் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்வைத்தான் உருண்டை காட்டிக்கொடுக்கிறது. 35 தவணைச் சிகிச்சையில் ஒரு நாள் நேர்ந்த சிறு பிசகு மற்ற நாட்களில் கரைந்துபோக வாய்ப்புண்டு. ஐந்து தவணையில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

முகத்துக்கு மாட்டும் மாஸ்க் மூன்றாவது வாரத்தில் தளர்ந்துவிட்டது, சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். கொதிநிலைக்குக் கீழே சூடாக்கிய நீரில் மென்மையாகும் பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் படரவிட்டு, அது ஆறி இறுகியதும் கிடைப்பதே மாஸ்க். வாய்ப்புண் வந்து கஞ்சியும் இளநீருமாக நாட்களை ஓட்டும் நோயாளி இளைத்துவிடுவார், மாஸ்க் இளைக்காது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றும் தொழில் செய்த ஓர் அம்மா, முதல் இரண்டு வாரம் மாஸ்க் இறுக்குகிறது என்று கண் கலங்குவார். மூன்றாம் வாரம் ஒருநாள், "இப்ப லூசா கீது தம்பி, நல்லா கீது" என்று மலர்ந்த முகத்தோடு சொன்னார். மாஸ்க்கை மாட்டி, கன்னத்துக்கும் வலைக்கும் இடையே என் விரலை விட்டுப் பார்த்தேன். சுண்டுவிரல் தடையில்லாமல் போய்வந்தது. சிகிச்சைக்கு முன் அதே மேசையில் படுத்தபடி எடுக்கும் அன்றைய கூம்புக்கதிர் ஸ்கேனில் தாடை சற்றே திரும்பியிருந்தது. புது மாஸ்க் செய்து, புதிதாக சி.டி. எடுத்து, பிளானையும் மாற்றிய பிறகே மிச்சத் தவணைகள் தொடர்ந்தன. அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் ஸ்கேன் காட்டியிருக்கும். ஆனால் எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா நாளும் ஸ்கேன் எடுப்பதில்லை.

இதே காரணத்தால், உடம்பில் போட்ட மார்க்கர் கோடு வியர்வையில் அழிந்துவிட்டால் வீட்டிலேயே பேனாவால் திருத்தி வரையாதீர்கள். அழிந்த கோட்டை நாங்கள் மீட்டுவிடுவோம். தவறாக வரைந்த கோட்டைச் சரியானதென்று நம்பிவிடும் ஆபத்துதான் பெரிது.

தினமும் ஸ்கேன் எடுத்தால் கூடுதல் கதிர் சேராதா?

சேரும், ஆனால் பொதுவாக ஒரு தவணைச் சிகிச்சை அளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். சரியான இடத்தில் அடிக்கிறோமா என்று தெரிந்துகொள்ள அந்த விலை கொடுக்கத்தக்கதே. குழந்தைகளுக்கு மட்டும் அதையும் குறைத்துத் திட்டமிடுவார்கள்.

முப்பது நாளாகப் பார்க்கிறவர்கள் தினமும் பெயரையும் ஊரையும் கேட்கிறார்களே?

வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஒரே காலை வேளையில் மூன்று லட்சுமிகள் காத்திருந்த நாட்களும் உண்டு. "லட்சுமியம்மா நீங்கதானே?" என்று கேட்டால், காது மந்தமான ஒருவர் மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார். அதனால் பெயரை நாங்கள் சொல்லாமல், உங்கள் வாயாலேயே சொல்லவைத்து, மருத்துவமனை எண்ணையும் புகைப்படத்தையும் ஒப்பிட்ட பிறகுதான் மேசைக்கு அழைக்க வேண்டும். கேட்க மறந்துவிட்டால் நீங்களே சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் தரக்கட்டுப்பாடுதானா?

ஆம். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து விலக்குகிறது. கருப்பையின் நிலையும் அதைப் பொறுத்து மாறுகிறது. சி.டி. எடுத்த நாளில் எவ்வளவு குடித்து எவ்வளவு நேரம் காத்திருந்தீர்களோ, அதையே ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். பேருந்தில் வரும்போது அவசரம் வந்துவிடுமே என்ற பயத்தில் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் மிகப் பலர். அப்படியானால் வந்தபின் குடித்துவிட்டுக் காத்திருக்கிறேன் என்று கூச்சமில்லாமல் சொல்லலாம்.

பாதியில் கரண்ட் போனால்?

கதிர் அக்கணமே நின்றுவிடும். அதுவரை எவ்வளவு போனது என்பது இயந்திரத்தில் பதிவாகியிருக்கும். மிச்சத்தைப் பிறகு கொடுப்பார்கள். இயந்திரத்தின் தலைக்குள்ளேயே கதிரை எண்ணும் இரண்டு தனித்தனி அளவிகள் இருக்கின்றன. ஒன்று தவறினால் மற்றொன்று நிறுத்திவிடும்.

இயந்திரம் பழுதாகி மூன்று நாள் விடுபட்டால் பாதகமா?

தலை, கழுத்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சிகிச்சைக் காலம் நீண்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு குறைகிறது. கருப்பை வாய்ச் சிகிச்சையை, கதிர் மூலத்தை உடம்புக்குள் வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சையும் சேர்த்து, 8 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது வழக்கம். விடுபட்ட தவணையைச் சனிக்கிழமையிலோ, ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டாகவோ கொடுத்து ஈடுசெய்ய வழி உண்டு. அதைக் கணக்கிட்டுச் சொல்லும்படி நீங்கள் கேட்கலாம். திருவிழாவுக்காகவோ கல்யாணத்துக்காகவோ நீங்களாகவே விட்டுவிடும் நாட்களும் இதே கணக்கில்தான் வரும்.

பழைய கோபால்ட் இயந்திரம் தரத்தில் தாழ்ந்ததா?

அப்படிச் சொல்ல மாட்டேன். அதில் கதிரைத் தரும் கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 ஏறத்தாழ 5.27 ஆண்டில் பாதியாகத் தேய்வதால், மாதம் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் அளவு குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எளிய இயந்திரத்திலும் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1996-இல் கோஸ்டா ரிகாவில் நடந்தது சாட்சி. புதிய கோபால்ட் கதிர் மூலத்தைப் பொருத்தியபின் அளந்தபோது, 0.3 நிமிடம் என்பதை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது 18 விநாடி. தசமப் புள்ளியைப் படித்த விதத்தில் நேர்ந்த அந்த ஒரு பிழையால் 115 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரைப் பெற்றார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். மறுமுறை வேறொருவர் அளந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.

சிகிச்சை முடிந்ததும் எதைக் கேட்டு வாங்கிவைக்க வேண்டும்?

எந்த உறுப்புக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை தவணையில், மொத்தம் எத்தனை கிரே, எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்ற விவரம் அடங்கிய சுருக்க அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். பிளானைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ தரமுடியுமா என்றும் கேளுங்கள். பல ஆண்டுகள் கழித்து நோய் திரும்பி, சென்னையிலோ வேறு ஊரிலோ மறுபடியும் கதிர் கொடுக்க வேண்டி வந்தால், தண்டுவடமும் குடலும் முன்பே எவ்வளவு வாங்கியிருக்கின்றன என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். மழைக்காலத்தில் ஓதம் ஏறாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.